மரக் கிளாரினெட்டும் சுடுதண்ணீரும்

எங்கள் பாண்டு செட்டில் பதினோரு வாத்தியங்கள் இருந்தன. பத்து வாத்தியங்கள் பித்தளையும் தோலும். ஒன்று மட்டும் மரம். அதுதான் கிளாரினெட்.

தோல் பதனிடும் இடத்தை ஆம்பூர்ப் பக்கத்தில் ஷாப்பு என்பார்கள். எங்கள் ஷாப்பின் முதலாளி உருது பேசும் முஸ்லிம். வேலூரில் ஒரு பட்டாளத்தைக் கலைத்து அதன் சாமான்களை ஏலம் விட்டபோது வாத்தியங்களை மொத்தமாக எடுத்து வந்தார். அதே பட்டாளத்தில் டிரம் அடித்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப்பிடித்து மாஸ்டராக வைத்தார். வாசிப்பவர்கள் எல்லாரும் ஷாப்பு ஆட்கள்தாம். நிக்காஹ் ஊர்வலம், தேர்த் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். ஒரு முறை பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயில் உற்சவத்துக்கும் போயிருக்கிறோம்.

கிளாரினெட் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் எழுதுபவன், வேலூரில் பள்ளிக்கூட பாண்டில் கற்றவன். இன்னொருவர் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழன்றதும் இழுத்துப் போடுவது அவர் வேலை. மிஷன் பள்ளியில் கிளாரினெட் வாசிக்கக் கற்றவர். கிறிஸ்தவர். ஊருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரைச் சேரியில் வீடு. என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை நீ என்றேன். அவர் என்னை சார் என்றார். இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை.

வாத்தியம் ஒன்று, ஆள் இரண்டு என்பதால் மாஸ்டர் முறை பிரித்துக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஓய்வு. ஊர்வலம் என்றால் பாதித் தெரு நான், பாதித் தெரு அவர். ரீட், அதாவது ஊதும்போது அதிர்கிற நாணல் சீவல், ஆளுக்கொன்று வைத்திருந்தோம். ஆனால் அந்த ரீட்டைக் கட்டி வாயில் வைக்கிற கறுப்பு முனை ஒன்றுதான் இருந்தது. இருவர் வாயும் அதில்தான் பட வேண்டும்.

கிளாரினெட் வாசிக்க வாசிக்கத் தேயும். முதலில் தேய்வது சாவிகளின் மேல்முலாம். விரல் வியர்வை அதைத் தின்றுவிடும். அடுத்தது மூட்டுகளில் சுற்றியிருக்கும் தக்கை. சாவிகளின் அடியில் ஒட்டிய மெல்லிய தோல் வட்டுகள் எச்சில் ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஓரம் சுருண்டுகொள்ளும். கடைசியில்தான் மரம். ஊதுகிற மூச்சின் ஈரம் குழலுக்குள்ளே ஓடுவதால் உள்பக்கம் ஊறும், வெளிப்பக்கம் காயும். இரண்டுக்கும் இழுபறி முற்றினால் மரம் வெடிக்கும்.

இதையெல்லாம் மாஸ்டர் வாயால் சொல்ல, நான் ஒரு தடித்த காகிதத்தில் விதிகளாக எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். வாசித்து முடித்ததும் கழற்றி உதற வேண்டும். நூலில் கட்டிய பழைய மல் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். தக்கைக்கு ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவ வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் பாதாம் எண்ணெய் இரண்டு சொட்டு, ஜாஸ்தி கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. தண்ணீர் படவே கூடாது. கடைசி விதிக்குக் கீழே நானே சிவப்பு மசியில் கோடு போட்டேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று மாஸ்டர் அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

விதிகளை எழுதியவன் நான். வாத்தியத்தை உண்மையில் காப்பாற்றி வந்தவர் அவர். தோல் வட்டுகள் கெட்டபோது மதராசிலிருந்து வருவிக்க வேண்டும் என்று நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவர் ஆட்டுக்குட்டித் தோலில் வயிற்றுப் பக்கம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சீவி, வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டார். ஒரே மாலை வேலை. பழையதைவிடச் சத்தமில்லாமல் மூடின.

அந்த வருஷம் தை மாதத்தில் அவர் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். கோயில் என்று அவர்கள் சொல்லும் சர்ச்சிலிருந்து வீடு வரை எங்கள் பாண்டு போவதற்கு முதலாளி ஒப்புக்கொண்டார். பாண்டு அந்தத் தெருவுக்குள் போவது அதுதான் முதல் தடவை. எங்களில் இரண்டு மூன்று பேர் முனகினார்கள். பட்டாளத்தில் தெரு பார்த்து அணிவகுத்ததில்லை என்று மாஸ்டர் சொன்னதும் முனகல் நின்றது. அன்றைக்கு மட்டும் பாதித் தெரு கணக்கு இல்லை, கோயில் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை முழுக்க அவரே வாசிப்பது என்று முடிவானது. ஆறு மாதத்துக்கு முன்பே என்ன வாசிப்பது என்று தீர்மானித்துவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் அதைத்தான் பழகினார். ஆபீஸ் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். என்னைவிட நன்றாக வாசித்தார். இதை அப்போதே நான் அறிவேன்.

பெட்டி ஆபீசில், என் மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருக்கும். அவர் முறை வரும் மாலைகளில் வாசலில் வந்து நிற்பார். நான் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். திரும்பக் கொடுக்கும்போதும் அப்படியே. ஊர்வலத்தில் முதல் பாதி எப்போதும் எனக்கு, நடுவில் மாஸ்டர்தான் வாங்கி அவரிடம் கொடுப்பார். கையிலிருந்து கைக்கு அது ஒரு நாளும் போனதில்லை.

ஆபீசில் தேநீருக்காக ஒரு சமாவர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆடி மாதத்தில் ஒரு காலை, அவர் வாசித்த மறுநாள், நான் வாய்முனையைக் கழற்றி ஒரு தகரக் குவளையில் போட்டு, சமாவர் குழாயைத் திறந்து சுடுதண்ணீர் பிடித்தேன். சற்று ஊறவிட்டு எடுத்துத் துடைத்து வைத்தேன். அதன்பின் ஒவ்வொரு திங்களும் புதனும் வெள்ளியும் மற்றவர்கள் வருவதற்கு முன் அதைச் செய்தேன். சுகாதாரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் வாசித்த பிறகு, அவர் வாயில் வைக்கும் முன், ஒரு தடவைகூடக் கழுவியதில்லை. சுகாதாரம் என்றால் அதையும் செய்திருப்பேன்.

வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. என் அம்மாவுக்கு வாத்தியம் ஒன்று என்பதே தெரியாது. அவள் மேல் பழியைப் போட்டு நான் தப்ப முடியாது. இன்னொரு வாய்முனை வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கலாம். எதற்கு என்று முதலாளி கேட்பார். அவர் வீட்டு விருந்தில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவார்கள். மாஸ்டரும் சுண்ணாம்புக் குழிக்காரரும் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் விரதம் என்று சொல்லி வாழைப்பழத்தோடு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்ட முதலாளியிடம் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வாய்முனை மரமல்ல. ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்துக் கெட்டிப்படுத்திய பொருள். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சுடுதண்ணீர் பட்டால் அதன் கறுப்பு போய்விடும். ஐப்பசியில் அது பழுப்பாகி, கார்த்திகையில் பாசி படிந்த கல் போலப் பச்சை தட்டியது. வாயில் வைத்தால் தீக்குச்சி உரசின வாடை. நான் கவனித்தேன். நிறுத்தவில்லை.

மார்கழியில் அவருக்குச் சளி பிடித்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க இருமி இருமித்தான் பழகினார். திங்கட்கிழமை காலை நல்ல பனி. வாய்முனையோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கிளாரினெட்டின் மேல் துண்டைக் கழற்றி, சாவிகள் நனையாதபடி சாய்த்துப் பிடித்து, குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றினேன். மண் ஓட்டை நகத்தால் சுண்டியது போல ஒரு சத்தம் கேட்டது. திருப்பிப் பார்த்தேன். மேல் விளிம்பிலிருந்து அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு. மயிரிழைதான்.

தக்கைக்குப் பூசும் மெழுகை அந்தக் கோட்டில் வைத்துத் தேய்த்தேன். மறைந்துவிட்டது. அன்று மாலை என் முறை. எனக்குப் பல் வலி என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பல் வலிக்கவில்லை. அடுத்து அதை வாயில் வைப்பவர் அவராக இருக்க வேண்டும் என்பதற்காகப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மாலை தோல் காயப்போடும் முற்றத்தில் எல்லாரும் சேர்ந்து பழகினோம். நான் தாடையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். இரண்டாவது பாட்டு நடுவில் அவர் குழல் கரகரத்தது. நிறுத்தினார். மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். மெழுகு உருகி, கோடு சாவி வரைக்கும் இறங்கியிருந்தது. பிறகு வாய்முனையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். அந்தப் பச்சை நிறத்தை அப்போதுதான் நன்றாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

பெரிய ஊதுகுழல்காரர்தான் முதலில் பேசினார். "சுண்ணாம்புக் கையி மாஸ்டர். எருமத் தோலு மசுரையே உரிக்குது. இந்தக் கட்டைய வுட்ருமா?"

"அதான் இவன் ஊதுனா பாட்டு வழவழன்னு வருது" என்றார் ஜால்ராக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

எல்லார் கண்ணும் அவர் கைக்குப் போனது. சுண்ணாம்புக் குழிக்காரர்களின் கை ஊறி வெளுத்து, ரேகைகளில் வெடித்திருக்கும். அவர் கையை மறைக்கவில்லை. தினமும் தவிட்டுத் தண்ணீரில் இரண்டு தபா கழுவிவிட்டுத்தான் தொடுவதாகச் சொன்னார். அது உண்மை. சுண்ணாம்பு போகத் தோலையே தவிட்டுத் தண்ணீரில்தான் போடுவார்கள். பிறகு மாஸ்டர் கையிலிருந்த வாய்முனையை வாங்கி முகர்ந்தார்.

"சுண்ணாம்பு இல்ல மாஸ்டர். சுடுதண்ணி. தோலுன்னாலும் சுடுதண்ணி பட்டா இப்பிடித்தான் கொணம் கெட்டுப்பூடும்."

"இன்னாய்யா பேசற? இதுக்கு எவன் சுடுதண்ணி ஊத்துவான்? கொழந்தயா குளிப்பாட்றதுக்கு?" என்றார் மாஸ்டர்.

மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. பெட்டி யாருடைய அலமாரியில் இருக்கிறது, சமாவர் எங்கே இருக்கிறது என்று அவர் மனம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்ததை முகத்தில் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார்.

மாஸ்டரும் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா. சட்டம் எழுதி ஒட்னவன் நீதான். சுண்ணாம்பு பட்டா மரம் வெடிக்குமா?"

"சுண்ணாம்பு ஈரத்த இழுக்கும் மாஸ்டர்" என்றேன். "ஈரம் போனா மரம் வெடிக்கும்."

இந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பின்னாளில் பத்திரிகையில் இருபது வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்து மொத்தமும் பொய்யாக இருக்கும் செய்தியைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பேன். இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

மாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. குழிக்காரரை வேலையை விட்டு அனுப்பவில்லை, திட்டவில்லை. கிளாரினெட்டை இனித் தொட வேண்டாம், பெரிய டிரம்முக்கு வந்துவிடு என்றார். தங்கை கல்யாணத்தில் யார் வாசிப்பது என்று அவர் கேட்டார். மாஸ்டர் என்னைக் காட்டினார்.

டிரம்மை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் முடிகிற வரைக்கும் தனக்கு வேலை இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி பாண்டிலிருந்து நின்றுகொண்டார். மதராசிலிருந்து புது வாய்முனை வந்தது. மாஸ்டர் வெடிப்பில் அரக்கு உருக்கி விட்டார். எல்லா நாளும் என் முறையாயிற்று.

தையில் கல்யாணத்தன்று காலையே பாண்டு போய்விட்டது. ஊர்வலம் பிற்பகல் மூன்று மணிக்கு. கோயிலுக்குப் பின்னால், புங்க மரத்தடியில் நான் வாத்தியத்தைப் பூட்டி ஒரு சுரம் ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அரக்கு பெயர்ந்து வெடிப்பு வாய் திறந்திருந்தது. மறுபடி ஊதினேன். கோயில் சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் வந்தார். புது வேட்டி, கோட்டு. கையில் பந்தலுக்குக் கட்டுகிற கயிறு. சத்தத்தைக் கேட்டே வந்திருக்கிறார்.

கையை நீட்டினார். கொடுத்தேன். முதல் தடவையாகக் கையிலிருந்து கைக்கு.

ஒரு பையனை அனுப்பி வீட்டிலிருந்து ஆட்டு நரம்பு கொண்டுவரச் சொன்னார். ஊறவைத்த நரம்பு. ஈரத்தில் இழுத்துக் கட்டினால் காயும்போது தானே இறுகும், நூல் தளர்ந்துவிடும் என்றார். மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, பெயர்ந்த அரக்கைச் சுரண்டிவிட்டு மெழுகு அடைத்து, நரம்பைச் சுற்று சுற்றாக நெருக்கிக் கட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"நான்தான் சுடுதண்ணி ஊத்தினேன்" என்றேன்.

"தெரியும் சார்." கை நிற்கவில்லை. கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "எத்தினி நாளா?"

"ஆடியிலேர்ந்து."

அப்போது கை நின்றது. ஒரு தடவைதான், சளி பிடித்தபோதுதான் என்று அவர் நினைத்திருந்தார் போலும். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நரம்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க வாசிச்சப்பறம் நானுந்தானே சார் அத வாயில வெச்சேன். துணியால தொடச்சிட்டு."

மீதிச் சுற்றுகளைச் சுற்றி முடிச்சை உள்ளே செருகினார். நிழலில், காற்று படுகிற இடத்தில் கிளையில் தொங்கவிட்டார். மூணு மணிக்குள்ளே காய்ந்துவிடும் என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "மாஸ்டராண்ட சொல்வீங்களா?"

இன்றைக்கு ஊர்வலம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

வாத்தியம் நன்றாகப் பேசியது. கோயில் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் நானே வாசித்தேன். அவர் பழகிய பாட்டு எனக்கும் மனப்பாடம். ஜன்னல் வழியாக ஆறு மாதம் கேட்டதுதானே. அதை வாசிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் கைகாட்டிவிட்டார். தெருக்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தார். ஒரு தடவையும் திரும்பவில்லை. வீட்டு வாசலில் எல்லாருக்கும் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். ஊரில் அதுவரை நான் செய்யாத காரியம். அது போதும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது மாஸ்டர் நரம்புக் கட்டைத் தடவிப் பார்த்து, யார் வேலை என்று கேட்டார். சொன்னேன். "கை நல்ல கைதான்யா. சுண்ணாம்புதான் பேஜாரு" என்றார். அடுத்த வாக்கியம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். பாண்டுக்காரர்கள் பத்துப் பேரும் வண்டியில் இருந்தார்கள். நாளைக்குத் தனியாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கும் அப்படியே போயிற்று. மாசி முடிவதற்குள் மதராஸ் பத்திரிகை ஒன்றிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. கிளாரினெட்டுக்குத் திருப்பத்தூரிலிருந்து ஓர் ஆளைப் பிடித்திருப்பதாக மாஸ்டர் சொன்னார். அப்போதும் சொல்லியிருக்கலாம். அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முதல் நாள் குழிப் பக்கம் போனேன். ஆறு வருஷத்தில் நான் அங்கே போனது அன்றுதான். வாடை தாங்காமல் கைக்குட்டையை எடுத்தவன், எடுத்தபடியே பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் முழங்கால் அளவு வெள்ளைத் தண்ணீரில் நின்று தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழி விளிம்புக்கு வந்தார். மதராசுக்குப் போகிறேன் என்றேன். கேள்விப்பட்டேன் என்றார்.

"சொல்லிட்டீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, குனிந்து அடுத்த தோலை இழுத்தார்.